பிள்ளையாருக்குப் போன புகையிலைப் பூ

எங்கள் தெருவில் விடிவதற்கு முன் அடுத்த வீட்டுச் செடியில் பூப் பறித்தால் அது திருட்டு இல்லை. சாமிக்கென்று பறிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதது இல்லை. நந்தியாவட்டையும் அரளியும் போனபோது நானும் பேசாமல்தான் இருந்தேன். என் பூப்புகையிலை போனபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பூப்புகையிலை என்பது அழகுக்காகவும் வாசனைக்காகவும் வளர்க்கிற ஒரு புகையிலை வகை. வெள்ளைப் பூ, விரல் நீளக் குழாய், நுனியில் ஐந்து இதழ். பகலில் வாடியதுபோல் தொங்கும். சாயங்காலம் விரிந்து விடியும்வரை மணக்கும். என்னோடு படித்த தோழி ஒருத்தி குன்னூரில் தன் அம்மா வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பொட்டலம் விதை கொடுத்தாள். அடுத்த மாதமே அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். இனிமேல் கேட்டாலும் அவளிடம் கிடைக்காது.

காற்றாலை நிறுவனத்தில் எந்திரங்களின் கோளாறுகளைப் பதிவு செய்வது என் வேலை. விதை போட்டதையும் அந்தப் பழக்கத்திலேயே எழுதி வைத்தேன். முதல் தட்டு: விதைமேல் மண் தூவி மூடினேன், ஒன்றும் முளைக்கவில்லை. காரணம், இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். இரண்டாம் தட்டு: மூடவில்லை, ஆனால் குவளையால் தண்ணீர் விட்டேன், தூசு போன்ற விதை எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய் ஒன்றன்மேல் ஒன்று முளைத்து அழுகியது. மூன்றாம் தட்டு: மணலும் மட்கிய சாணமும் சலித்து நிரப்பி, விதையை மேலாகத் தூவி, தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனைத்து, மேலே கண்ணாடி போட்டேன். இரண்டு வாரத்தில் பச்சைப் பொடி தூவியதுபோல் முளைத்தது. பொட்டலமும் அதோடு தீர்ந்தது. பிடுங்கி நட்டவை பதினான்கு. மார்கழி மழைக்கும் புழுவுக்கும் போக நின்றவை இரண்டு. ஒன்று மதிலோரம் தரையில், ஒன்று படிக்கட்டுப் பக்கம் தொட்டியில்.

இந்த இரண்டிலிருந்து எனக்கு விதை வேண்டும். இந்த இனத்தில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய் பிடிக்காது, இன்னொரு செடியினுடையது வேண்டும். அதாவது, இரண்டு செடியிலும் ஒரே சாயங்காலம் பூ விரிந்திருக்க வேண்டும். மாசி பிறந்ததும் இரண்டும் பூத்தன. ஆனால் நான் வேலை முடிந்து வரும்போது மதிலோரச் செடி தினமும் மொட்டையாக நின்றது.

நாலாம் நாள் விடியற்காலையில் காத்திருந்து பார்த்தேன். தெருக்கோடி வீட்டு மாமா. அரசாங்க வேலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்பா ‘அண்ணாச்சி’ என்று எழுந்து நின்று பேசுகிறவர். நெற்றி நிறைய திருநீறு, கையில் ஜவுளிக்கடைப் பை. மதிலுக்கு மேலே குனிந்து, விரிந்த பூவை மட்டுமல்ல, பூஜை நேரத்துக்கு விரியும் என்று மொட்டையும் காம்போடு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, மொட்டையும் விட மாட்டீயளா?”

“சாமிக்குல்லா பறிக்கேன். நம்ம தெருமுக்குப் பிள்ளையாருக்கு. நல்ல மணமா இருக்கும்மா. என்ன பூ இது?”

“நிக்கோட்டியானா,” என்றேன். என் நோட்டில் அந்தப் பெயர்தான் இருந்தது. அவர் தெரிந்ததுபோல் தலையாட்டினார்.

எனக்கு விதை வேண்டும் என்பதையும் ஒரு செடிக்கு இன்னொரு செடி ஏன் வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“அப்போ நீ பூவுக்குப் பொருத்தம் பாக்க. உனக்கு எப்பம்மா பாக்கப் போறோம்?” சிரித்துக்கொண்டே பையை முடிந்தார். “சரி, ஒண்ணு ரெண்டு விட்டுட்டுப் பறிக்கேன்.”

விடவில்லை. மறுநாளும் மொட்டைதான். அம்மாவிடம் சொன்னால், “செடி என்ன குறைஞ்சா போச்சு? ஏளா, பிள்ளையாருக்குப் போற பூவை எண்ணிக்கிட்டு இருக்காத,” என்றாள். அப்பாவிடம் சொன்னால், பெரிய மனுஷரிடம் போய் எப்படிக் கேட்பது என்றார். என் வீட்டு மதிலுக்குள் கை விடுகிறவர் கூசவில்லை, கேட்க வேண்டியவர் கூசுகிறார்.

அம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்து, மதிலோரச் செடியில் ஒரு கிளையை மட்டும் தினமும் சுற்றிக் கட்டி வைத்தேன். சாயங்காலம் அவிழ்த்து, அந்தக் கிளைப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்துத் தொட்டிச் செடியின் பூக்களுக்கு வைத்தேன். ஒவ்வொரு காம்பிலும் நூல் கட்டித் தேதி எழுதினேன். மாசி முடியும்போது தொட்டிச் செடியில் ஒன்பது காய். எல்லாம் பச்சை. பழுப்பாகி நுனி வெடிக்க நாலு வாரம் போல ஆகும்.

அந்தத் துணியை ஒருநாள் காலையில் பார்த்தேன். அவிழ்த்து, நாலாக மடித்து, மதில்மேல் ஒழுங்காக வைத்திருந்தது. கிளையில் ஒரு பூ இல்லை. அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் பூ போனதற்குக்கூட வரவில்லை. அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. பின்னாலேயே போனேன்.

“மாமா, நான் கட்டி வச்ச துணியை ஏன் அவுத்தீய?”

“உள்ளுக்குள்ள நல்ல பூவா இருந்துச்சும்மா. முக்காடு போட்டு வச்சா சாமிக்கு எப்படிப் போடுதது?”

“அது என்ன செடின்னு தெரியுமா? புகையிலை.”

நின்றார். “என்னது?”

“புகையிலைச் செடி மாமா. நீங்க போடுத புகையிலை ஒரு வகை, இது பூவுக்கு வளக்குதது.”

கையிலிருந்த பையை அப்படியே தரையில் வைத்தார். “மாசி மாசம் முச்சூடும் பிள்ளையாருக்குப் புகையிலையைப் போட வச்சிருக்கியே. நீயெல்லாம் படிச்ச பிள்ளையா?”

“நானா போடச் சொன்னேன்? நீங்கதான வெத்தலையோட தினம் புகையிலை போடுதீய. அது பரவால்லியா?”

“அது வேற, இது வேற. நான் வாய் கொப்புளிச்சிட்டுல்லா கோயிலுக்குப் போறேன்.”



அன்று சாயங்காலமே மாமா கோயில் கமிட்டியிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என் குற்றங்களை மாமாவே வரிசையாகச் சொன்னார். பெண்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் புகையிலை. கேட்டதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். இப்போது பிள்ளையாருக்குப் பாலாபிஷேகம் செய்து தீட்டுக் கழிக்க வேண்டும். மதில் தாண்டிக் கை விட்டது, மொட்டைக் கிள்ளியது, துணியை அவிழ்த்தது, இவை எதுவும் அந்த வரிசையில் இல்லை. நான் வாய் திறந்தபோது அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, “சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிட்டா அண்ணாச்சி,” என்றார். எனக்கு இருபத்தாறு வயது. செய்தது எதையும் தெரியாமல் செய்யவில்லை, நாள் நாளாக எழுதி வைத்திருக்கிறேன். பாலுக்கும் அப்பாவே பொறுப்பு என்று முடிவாயிற்று.

“பேரைச் சொன்னப்பவே தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா,” என்றாள் அம்மா. அது ஒன்று மட்டும் எனக்குக் குத்தியது. ஏனென்றால் அது உண்மை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் நான் தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது வாசற்கதவுக்கு வெளியே, குப்பை வண்டிக்காக, இரண்டு செடியும் வேரோடு கிடந்தன. பகல் முழுவதும் வெயிலில் கிடந்து இலை சுருண்டிருந்தது. அப்பாதான் பிடுங்கியிருந்தார். மதிலோரச் செடியைப் பிடுங்கியதற்காவது அவருக்கு ஒரு காரணம் இருந்தது. தொட்டிச் செடியில் யாரும் கை வைத்ததில்லை, பிள்ளையாருக்கு அதிலிருந்து ஒரு இதழ்கூடப் போகவில்லை. அதையும் பிடுங்கியிருந்தார்.

கைப்பையைக்கூட இறக்காமல் காய்களை எண்ணினேன். ஒன்பதும் இருந்தன, நூலும் தேதியும் உட்பட. காய்க் காம்புகளைச் சரித்து வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி என் அறை ஜன்னலில் வைத்தேன். அப்பா கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருந்தார், பக்கம் திருப்பவில்லை.  நான் பேசினால் அழுகை வரும், அழுதால் சின்னப் பிள்ளை என்பது உறுதியாகிவிடும்.

ஆறு காய் பச்சையாகவே சுருங்கிப் போயிற்று. முதலில் கட்டிய மூன்று மட்டும் பையப் பையப் பழுத்துப் பழுப்பாகி வெடித்தன. தட்டினால் பழுப்புத் தூசு. சித்திரையில் ஒரு சிட்டிகையை நனைந்த காகிதத்தில் போட்டு ஜன்னலில் வைத்துச் சோதித்தேன். பாதிக்குமேல் முளைத்தன. மீதியைப் பொட்டலம் கட்டி, தமிழில் பெயர் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

ஐப்பசியில் முதல் மழைக்குப் பிறகு தட்டு நிரப்பினேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“மாடியில வச்சுக்கோயேன். யாருக்கும் தெரியாது.”

“மாடியில காத்து, தண்டு ஒடியும். பகல்ல தரை கொதிக்கும். தண்ணிக் குழாய் கிடையாது.”

“பின்பக்கம்?”

“வெயிலே விழாது.”

“அண்ணாச்சி திரும்ப வந்து கேட்டா நான் என்ன சொல்ல?”

“போன தடவை என்னை உள்ள போகச் சொன்னீங்க. இந்தத் தடவை அவர்கிட்ட, எம் பொண்ணு செடி, அவகிட்டயே பேசுங்கன்னு சொல்லுங்கப்பா. அது போதும்.”

 அப்பா யோசித்து முடிக்கும்வரை விதையைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் மதிலோரம் வைத்தேன்.