கரைப் பங்கு

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலத்தில் எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு எட்டு வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. அதில் ஒன்று எனக்கு வந்திருக்க வேண்டும் என்ற மனத்தாங்கல் வெகுகாலம் எனக்கு இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டைத் துரை ஏரியில் படகுப் போட்டி வைத்தார். கோட்டைப் படித்துறையில் கிளம்பி, எதிரே உள்ள தீவைச் சுற்றித் திரும்ப வேண்டும். படகுக்கு எட்டு ஆள். ஜெயிக்கிற எட்டுப் பேருக்கும் கப்பல் படம் போட்ட பதக்கம். அவர்கள் குப்பத்துக்கு அந்த வருஷம் முழுக்க முகத்துவாரத்தில் முதல் வலை. கடல் மீன் ஏரிக்குள் நுழைகிற வாசல் அது. முந்தின வருஷம் எங்கள் வலைகளில் பாசிதான் ஏறியது. ஆகவே குப்பம் முழுவதும் அந்த முதல் வலைக்காக ஏங்கிக் கிடந்தது.

எட்டுப் பேருக்கும் தலைவர் எங்கள் நைனா. அவர்களைப் பழக்கியவர் நைனாவின் தம்பி, என் சித்தப்பா. ஒரு கால் சூம்பிப் போனதால் அவர் படகில் ஏறுவதில்லை. எங்கள் குடிசை வாசலில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து, உடைந்த படகுப் பலகை ஒன்றைப் புளியங்குச்சியால் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு துடுப்பு. போகும்போது நிதானமாக ஒற்றைத் தட்டு. தீவைச் சுற்றித் திரும்பியதும் இரட்டைத் தட்டு. தண்ணீர்மேல் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். எவன் துடுப்பு பிந்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். சிறுமியாக இருந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் தட்டிப் பார்ப்பேன். ஒற்றை எனக்குப் படிந்துவிட்டது. இரட்டை மட்டும் கைக்கு வரவேயில்லை.

எங்கள் குப்பத்தில் பிடித்த மீனைப் பங்கு போடும்போது படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று எடுத்துவிட்டு, நோயாலோ காயத்தாலோ கரையில் தங்கிவிட்டவனுக்கும் கரைப் பங்கு என்று ஒன்று வைப்பார்கள். அந்த நினைப்பில் சித்தப்பா ஒருநாள் கேட்டார்.

"ஏண்ணா, வெள்ளி வில்லை எட்டுதானாமே. என் பங்கு இன்னா?"

"மீனுன்னா பங்கு போடலாம். வெள்ளிய வெட்டவா முடியும்? தண்ணில குந்தினவனுக்குத்தான்னு தொர சொல்லிட்டாரு," என்றார் நைனா.

"நான் தட்டலன்னா எட்டு பேரும் எட்டு பக்கம் வலிப்பீங்க."

"அதுக்கு நான் இன்னாடா பண்றது?"

"செரி வுடு. என் பங்க நானே வாங்கிக்கிறேன்," என்று சித்தப்பா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. போட்டியன்று காலை நான் எழுந்தபோது நைனாவும் மற்ற ஏழு பேரும் குடிசைக்குள் நின்றிருந்தார்கள். மார்கழிப் பனி வாசல்வரை வந்து நின்றது. அவர்கள் போனதும் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டாள்.

"நான் கரைக்குப் போகலன்னா நாலு பேரு கேப்பாங்க. சித்தப்பா தூங்குறாரு. எழுப்பாத. ஈ ஒக்காராம பாத்துக்கோ," என்றாள்.

சித்தப்பாவின் தாடையைச் சுற்றித் தலைக்குமேல் ஒரு துணி கட்டியிருந்தது. பல்வலி போலும் என்று நினைத்தேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தார்கள். காய்ச்சல் வேகத்தில் புரண்டு விழாமல் இருக்கக் கட்டியிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அந்த வயதில் எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

கோட்டையில் பீரங்கி வெடித்தது. போட்டி தொடங்கிவிட்டது. சித்தப்பா அசையவில்லை. பாதத்தைத் தொட்டு உலுக்கினேன். ஏரித் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. எழுப்பக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தட்டாவிட்டால் எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் போவார்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். தலைமாட்டில் இருந்த குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஏரியே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்து ஒற்றைத் தட்டு தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து துடுப்புகளின் சத்தம் கேட்டது. என் தட்டுக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று அது சேர்ந்துகொண்டது. எனக்கு ஒரே பெருமை.

அம்மா ஓடிவந்தாள். கஞ்சி ஒரு கொதி வருகிற நேரம்கூட ஆகியிருக்காது. வந்தவள் என்னைப் பார்க்காமல் முதலில் உள்ளே போய்ச் சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகுதான் என் கையைப் பார்த்தாள். குச்சியைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் வைத்துவிட்டு, அது கரியாகும்வரை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு தீவை நெருங்கக்கூட இல்லாத நேரம் அது.

சித்தப்பா விடிவதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை எங்கள் குப்பத்தில் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. முதல் வலை போய்விடுமே என்று நைனா சாவை மறைத்தார். எட்டுப் பேருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். இதெல்லாம் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

அவர்கள் ஜெயித்தார்கள். இரண்டாவதாக வந்த படகு பனியைவிட்டு வெளியே வரும்போது நம்மவர்கள் கரையேறிவிட்டார்கள் என்று குப்பமே பேசியது. ஆனால் எட்டுப் பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றபோது ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய், கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிச் சித்தப்பாவின் மார்பில் வைத்தார்கள். நைனா கடைசி.

"எட்டும் உனக்குத்தான். எடுத்துக்கோ. இத்தோட வுட்டுடு, தம்பி," என்றார்.

"நான்தான் தட்டுனேன், நைனா," என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் சொல் வெளிவருமுன் அம்மாவின் கை என் வாயை மூடிவிட்டது. மறுகையால் மார்பில் அடித்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கிவைத்த ஒப்பாரியைத் தொடங்கினாள். பதக்கங்களோடுதான் அவரைப் புதைத்தார்கள். தட்டினவள் நான், எட்டும் அவருக்கா என்று அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, சித்தப்பாமேல் இந்தக் குட்டிக்கு என்ன பாசம் என்று எல்லோரும் உருகினார்கள்.

நைனா அந்தப் போட்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை. தள்ளாத வயதில், என் பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரே ஒருமுறை சொன்னார். அம்மா பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லிவிட வேண்டியதுதான், கிழவர் மனத்திலிருந்து அந்தப் பயம் போகட்டும் என்று நானும் வாய் திறக்க இருந்தேன்.

"போறப்ப ஒத்தத் தட்டு. நடுவுல கொஞ்சம் நின்னுச்சு, தப்பிச்சோம்னு நெனச்சோம். தீவச் சுத்தித் திரும்புனோம் பாரு, ரெட்டத் தட்டு. படித்துறை வர்ற வரைக்கும் வுடவே இல்ல," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இறால் உரித்த கை நின்றிருந்தது. அவள் தலை நிமிரவில்லை.

எட்டில் ஒன்று எனக்கு வரவேண்டியது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போன பாதிக்கு வேண்டுமானால் கேட்கலாம். அவர்கள் திரும்பி வந்த நேரத்தில் அந்தக் குச்சி எங்கள் அடுப்பில் சாம்பலாகியிருந்தது.