கூட்ரோட்டில் ரவுண்டானா

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். கணவர் இறந்த பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். வீட்டில் பேச ஆள் கிடையாது. காலையில் கூட்ரோட்டில் ஷேர் ஜீப்புக்காகக் காத்திருக்கும் கால் மணி நேரம்தான் எனக்குப் பேச்சு.

மூன்று சாலைகள் சேரும் இடம் அது. எல்லா வண்டியும் ஒரே புளியமரத்தடியில்தான் நிற்கும். காவலூர் பஸ்ஸுக்கு ஓர் அக்கா வருவார். வானாய்வுக்கூடத்துக் கேண்டீனில் சமையல் வேலை.

"இன்னா சிஸ்டர், சாப்ட்டீங்களா? வெறும் டீதானா?" என்பார். வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஒரு மழைக்காலையில், மலையிலிருந்து வேகமாக இறங்கிய லாரி எங்கள் கண்ணெதிரே ஒரு பைக்கை இடித்தது. பைக்கில் இருந்த சிறுமியின் காலில் ரத்தம் நிற்கவில்லை. அக்கா தன் துண்டைக் கிழித்துக் கொடுக்க, நான் கட்டினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மறுநாளே அக்கா மனு எழுதிக்கொண்டு வந்தார்.

"ரவுண்டானா போட்டாத்தான் சிஸ்டர் வண்டிங்க மெதுவா வரும்."

முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது என்னுடையது. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் போட்டார்கள்.

அலைந்து அலைந்து, ஒருவழியாக ரவுண்டானா வந்தது. விபத்து நின்றது. ஆனால் மரத்தடியில் வண்டி நிற்கக்கூடாது என்று சாலைக்கொரு நிறுத்தமாகப் பிரித்துவிட்டார்கள். நடுவில் மண்மேடு கட்டிச் செடி வைத்தார்கள். செடி வளரும்வரை இருவரும் கையசைத்துக்கொண்டோம். பிறகு அவருடைய தலைகூடத் தெரியவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து சாமை உப்புமா கொடுத்தார். இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

"ஐயோ, உங்க ஜீப்பு போவுதே!"

ஓடியும் பிடிக்க முடியவில்லை. அன்று தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தார்கள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. தினமும் பார்த்தவரிடம் போன் நம்பர் வாங்கத் தோன்றியதும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, அதே கேண்டீனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க வேலைய வுட்டுட்டாங்களே. கணியம்பாடில மவன் வூட்டுக்குப் போய்ட்டாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு உங்க ஸ்டாப்பாண்ட வந்து நின்னாங்களாம். நீங்க வரலியாமே?"

அந்த மாதங்களில் நான் வேலைக்குப் போகாதது அந்த இரண்டே நாள்தான். காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன்.