மூன்றாம் நாளில் ஐந்து கோடுகள்

போன வருஷம் ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயம். திருவனந்தபுரம் சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் அரிசி மொத்தக் கடையில் நடந்தது இது. குடோன் என் பொறுப்பு. இப்போது நினைத்தாலும் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

அப்போது எனக்குத் தூக்கம் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பெரிய கவலை என்று ஒன்றும் கிடையாது. படுத்தால் கண் மூடாது, அவ்வளவுதான். பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் அயர்ந்து தூங்குவதைப் பார்த்தால் அவர்கள்மேல்கூட எரிச்சல் வரும். பகல் அதைவிட மோசம். கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவேன். எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. யாரிடம் சொன்னாலும் ஒரு வைத்தியம் தயாராக இருக்கும். பால் குடி, உள்ளங்காலில் எண்ணெய் தேய், போனைத் தூர வை. எல்லாம் செய்து பார்த்தாயிற்று. முதலாளியிடமும் சொன்னேன். "எனக்குந்தான் உறக்கம் வரமாட்டேங்கு, அதுக்கென்ன இப்போ?" என்று சிரித்தார்.

அவருக்கென்ன, சிரிக்கத்தான் செய்வார். படுக்கையில் கிடக்க முடியாமல் விடியும் முன்பே போய்க் கடையைத் திறந்துவிடுவேனே! "இவன மாதிரி ஒருத்தன் போதும்வே" என்று எல்லோர் முன்னாலும் மெச்சுவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அரிசியில் வண்டு விழுந்தால், அதற்கென்றே உள்ள ஆள் வந்து குடோனுக்குள் விஷ மருந்து வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். ஐந்து நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. நாளைக் கணக்கு வைக்க எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கடை திறப்பவர் குடோன் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஐந்தாவது கோடு விழுந்த பிறகுதான் பூட்டில் கை வைக்கலாம். எத்தனையோ வருஷமாக அதில் பிசகு வந்ததில்லை.

அந்தத் தடவை மூன்றாம் நாள் காலையிலேயே கதவில் ஐந்து கோடு இருந்தது. எண்ணினேன், திறந்தேன். லாரி வேறு காத்து நின்றது. எங்களுக்குப் பத்து வருஷமாக மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர் முதலில் உள்ளே போனார். பாறசாலைப் பக்கத்துக்காரர். போன வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தார். மூச்சுக்குத் திணறினார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் மனைவி வராந்தாவில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டர் பயமில்லை என்றார்.

கடைக்குத் திரும்பிக் கதவைப் பார்த்தேன். ஐந்து கோடும் நான் போட்டவை. விடியலில் ஒன்று போட்டிருக்கிறேன். மற்றவர்கள் வந்த பிறகு, போட்டது நினைவில்லாமல் இன்னொன்று. இரண்டு நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் விடியலில் போட்டது ஐந்தாவது. தூங்கி எழாதவனுக்கு எது நேற்று, எது இன்று?

முதலாளி கடைத்தெரு முழுக்க என் கவனக்குறைவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். "நாலு மாசமா உங்ககிட்ட சொன்னேனே!" என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தொழிலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"நீரு குடிச்சிட்டு வந்திருந்தா மொதலாளி சாவியப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. நாலு மாசம் உறங்காத ஆளு கையில சாவியக் குடுத்திருக்காரு. இது எந்து ஞாயம் அண்ணாச்சி? சரி, அதோட ஆபத்து அவருக்குத் தெரியாது. உமக்குமா தெரியாது?"

மறுநாளே சாவியை முதலாளியின் மேஜையில் வைத்து, தூக்கம் சரியாகும்வரை தொடமாட்டேன் என்றேன். முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். இப்போது டாக்டரிடம் போகிறேன், சில நாள் தூக்கம் வருகிறது. வராவிட்டால் காலையில் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி பூராவும் தூங்காமலேயே வேலைக்கு வந்துவிட்டேன் என்று யாராவது பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அதே பெருமைக்காக இன்னொருவர் உயிரோடு விளையாடியவன் நான்.