ஏரி மண் பிள்ளையார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீரையும் மண்ணையும் சோதித்து முடிவு சொல்லும் ஒரு தனியார் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். நான் கல்யாணமாகி வந்த ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஊருக்குக் கிழக்கே ஏரி. பேட்டையின் கழிவுக் கால்வாய் அந்த ஏரியில்தான் வந்து விழுகிறது. சில நாள் பச்சையாக வரும், சில நாள் துரு நிறத்தில் வரும். எந்தத் தொழிற்சாலையைக் கேட்டாலும் பக்கத்துத் தொழிற்சாலையைக் கைகாட்டும்.

ஆனாலும் ஏரித் தண்ணீர் ஒவ்வொரு பரிசோதனையிலும் தேறிவிடும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஈயம், குரோமியம் போன்றவை பெரும்பாலும் தண்ணீரில் தங்குவதில்லை. மெல்ல இறங்கி அடிமண்ணில் படிந்துவிடும். மாதிரி எடுக்க வருகிற மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளோ மழை விட்ட மறுநாளாகப் பார்த்து வந்து, மேலாக மொண்டுகொண்டு போவார்கள். மண்ணையும் பாருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. மண்ணை யார் குடிக்கப் போகிறார்கள்?

ஒரு வருஷம் பேட்டையிலிருந்த ஒரு கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஏரியின் ஒரு மூலையைத் தூர்வாரிக் கொடுத்தார்கள். வாரிய மண் கரையில் குவிந்து கிடந்தது. விநாயகர் சதுர்த்தி நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு யோசனை உதித்தது: அந்த மண்ணிலேயே பிள்ளையார் செய்து ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். சாயம் இல்லாத, இயற்கையான பிள்ளையார்.

அதற்குச் சான்றிதழ் வேண்டுமென்று ஒரு பை மண்ணோடு எங்களிடம் வந்தார். அவர் கேட்ட சோதனை ஒன்றே ஒன்றுதான்: ரசாயனச் சாயம் இருக்கிறதா? அதைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லலாம். எங்கள் மேலாளர் முறைப்படி எல்லாம் செய்து, சாயம் இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மீதி மண் மேசையில் இருந்தது. எங்கள் ஊர் ஏரி மண். மனம் கேட்காமல் அதில் கொஞ்சம் எடுத்து அமிலத்தில் காய்ச்சி, உலோகம் அளக்கும் கருவியில் வைத்தேன். ஈயம் எகிறியது. கருவியில் கோளாறோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் எகிறியது, குரோமியமும் துணைக்கு வந்தது.

மேலாளரிடம் காட்டினேன்.

"இதை யாரும்மா கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார்."

"கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னா லேப் நடத்த முடியுமா? அவங்க கேட்டது சாயம். சாயம் இல்ல. முடிஞ்சுபோச்சு."

"பசங்க கையில வெச்சு விளையாடும் சார்."

"சாமிய வெச்சு யாரும்மா விளையாடுவாங்க?"

நானே அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மேடம், அது எங்க மண்ணா? உங்க ஊரு மண்ணு. உங்க மண்ணை உங்களுக்கே குடுக்குறோம்" என்றார். இவ்வளவு பெருந்தன்மையான கம்பெனியை நான் பார்த்ததே இல்லை.

பந்தல், மேளம், 'ஏரியைக் காப்போம்' என்ற பதாகை எல்லாவற்றோடும் விழா நடந்தது. மாமியார் பிள்ளையாரை இடுப்பில் குழந்தை போல வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா லட்சணமா கீறாரு பாரு! கம்பெனிக்காரன் குட்த்தான்."

"அத்தை, அதுல ஈயம் கீது. நானே சோதிச்சேன்."

"ஈயமா? ஈயச் சொம்புல ரசம் வெச்சா எப்டி மணக்கும் தெரியுமா?"

"அது வெள்ளீயம் அத்தை. இது காரீயம். மூளைக்கு ஆவாது."

"சாமி நம்ம மூளைய கெடுக்குமா? போய் கையக் கழுவிக்கினு கொழுக்கட்டைக்கு மாவு பிசை" என்றார். சாமியைத் தொட்ட கையை முதலில் அவர் கழுவட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மாவு பிசையப் போய்விட்டேன்.

பூஜை முடிந்து, கரைக்கிற நாள். ஊரே பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனது. கரையில் கயிறு கட்டிப் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"இங்க கரைக்கக் கூடாது. ஏரி மாசுபடும்."

மாமியார் முன்னே போனார். "நைனா, இது அந்தப் பள்ளத்துல எடுத்த மண்ணுதான். அங்கியே போட்டா இன்னா மாசு?"

"எடுத்தது எடுத்ததுதாம்மா. திரும்பப் போடக்கூடாது. மேல இருந்து ஆர்டர். ஊட்டுல பக்கெட்டுல கரைச்சி செடிக்கு ஊத்துங்க."

அவர் பின்னால் கால்வாய் சலசலவென்று ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு ஆர்டர் எதுவும் வரவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பக்கெட்டையும் பிள்ளையாரையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே அவருடைய அரைக்கீரைப் பாத்தி. என் மகளுக்குத் தினமும் அந்தக் கீரையைத்தான் கடைந்து ஊட்டுகிறார். நான் ஓடிப்போய் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் அத்தை. மண்ணுல கீறது கீரைல ஏறும். கீரைல இருந்து புள்ளைக்குப் போவும்."

பக்கெட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஏரி மீனு?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வைக்கும் ஜிலேபி மீன் குழம்பு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமியார் பிள்ளையாரைத் தூக்கித் திண்ணையின் மேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். "செடிக்கு ஊத்தாதீங்கடி! மருமவ சோதிச்சிருக்கா!" அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. சிலர் தங்கள் பிள்ளையாரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் ஏற்கெனவே துளசிக்கு ஊற்றியிருந்தார்கள். சிலர் எனக்குத்தான் மூளை கெட்டுவிட்டது என்றார்கள்.

பிள்ளையார்களை ஆட்டோவில் ஏற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மேலாளர் திகைத்துப்போனார். ஆனால் உலோகம் ஏறிய மண்ணை ஆபத்தான கழிவாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. வேறு வழியில்லாமல் கழிவு டிரம்மைத் திறந்தார். கழிவு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இன்னா மேடம், சாமியப் போயி டிரம்முல போட்டுக்கீறீங்க?"

"ஏரில வேணான்னுட்டாங்க. செடிக்கும் ஆவாது. வேற எங்க போவாரு?"

அவர் யோசித்தார். கெமிக்கல் இல்லாத பக்கமாக வாசலுக்குத் தள்ளிப் போய்க் கற்பூரம் ஏற்றினார். மேலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு பிள்ளையார்கள் மூடி போட்ட டிரம்மில், எச்சரிக்கை ஒட்டுத்தாளோடு, கழிவுக் கிடங்குக்கு ஊர்வலம் போனார்கள்.

அடுத்த கிராம சபையில் மாமியார் ஈரமான ஏரி மண் ஒரு உருண்டையைக் கொண்டுபோய், அங்கே வந்திருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மேசையில், அவருடைய தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "தண்ணி நல்லாகீதுன்னு சொல்றீங்களே, இத்த கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார். அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். அந்த வாரமே முதல்முறையாக அடிமண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், எங்கள் ஆய்வகத்துக்கு அல்ல. முடிவு இன்னும் வரவில்லை. மாமியார் காத்திருக்கவில்லை. தெருவில் மீன்காரர் குரல் கேட்டால், எந்த ஏரி மீன் என்று விசாரித்த பிறகுதான் கூடையை இறக்கச் சொல்கிறார்.