சுழி விழாத கொட்டை

மணி அடித்துவிட்டது. சென்னகேசவன் இன்னும் பனங்கொட்டைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் சப்பிப் போட்டு வெயிலில் காய்ந்த கொட்டை. நாரெல்லாம் நரைத்த முடியாகச் சிலிர்த்து நிற்கிறது. ஒரு பக்கம் படிய வாரினால் மறுபக்கம் சுழி விழுகிறது. "ஏலே, எங்கிட்டு ஓடி ஒளியுற?" என்று கொட்டையை அதட்டுகிறார்.

அருப்புக்கோட்டைப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். விடைத்தாளில் எவனாவது பிள்ளையார் சுழி போட்டிருந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். "சுழின்னா பூச்சியம்லே. ஓம் மார்க்க நீயே போட்டுக்கிட்டியா?"

யுத்தக் காகிதப் பஞ்சத்திலும் முப்பது பக்கம் சேர்த்து, இரண்டு வருஷமாக ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதன் உயிர்நாடி இதுதான்: வெவ்வேறாகத் தெரியும் இரண்டோடும் ஒரே சரக்கைச் சேர்த்ததும் அவை ஒன்றாகிவிட்டால், சேர்த்ததை இரண்டிலும் அடித்துவிடலாம்; அவை முதலிலிருந்தே ஒன்றுதான். "அடிச்சா அடிபட்டுப்போகும் சார், அம்புட்டுத்தேன்" என்பார். எனக்கும் சரியென்றே பட்டது.

போன திங்கட்கிழமை தபாலில் போடுவதாக இருந்தது. முந்தின நாள் என் மாமனாருக்கு மாடு பார்க்கத் திருச்சுழிக்குப் போனோம். தரகர் இருளாண்டி மாட்டின் உடம்பைத் தடவிச் சுழி பார்த்தார்.

"சுழியே இல்லாத மாடு உண்டாய்யா?" என்றார் சென்னகேசவன்.

"திருச்சுழியில வந்து கேக்குற கேள்வியா வாத்தியாரய்யா? படிஞ்ச முடின்னா எங்கிட்டாச்சும் சுழி விழத்தான் செய்யும். சிலுத்து நிக்கட்டும், தேடுனாலும் கெடைக்காது."

சென்னகேசவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பும்போது வழியில் கிடந்த இந்தக் கொட்டையை எடுத்தார். "இது சுழி விழுற கொட்டை. சுழியே விழாத கொட்டை ஒண்ண மனசுல வச்சுக்கங்க. ரெண்டும் வேற. நாரு நிமிந்தும் நிக்கலாம்னு ரெண்டுக்கும் எடங்குடுத்தா, ரெண்டும் ஒண்ணாயிருது. குடுத்தத ரெண்டுலயும் அடிச்சா, சுழி திரும்ப வந்து உக்காந்துக்கிருது. அடிபடல சார், கட்டுரையே தப்பு!"

படிய வாரினால் உருண்டையில் எங்காவது சுழி விழுந்தே தீரும் என்று யாரோ எப்போதோ நிரூபித்துவிட்டார்களாம். அது தெரிந்தும், சுழியில்லாமல் வாரிவிட்டால் கட்டுரை பிழைத்துவிடாதா என்ற நப்பாசையில் ஒரு வாரமாக வாருகிறார். பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமாகவும் இருந்தது.

சீப்பைக் கீழே வைத்தார். "நான் எழுதுனதவிட இந்தத் தப்பு பெரிய சரக்கு சார்!" என்று ஒரே சிரிப்பு. முப்பது பக்கத்தையும் அப்படியே கவிழ்த்துப் போட்டார். எழுதாத பின்பக்கத்தின் உச்சியில், கொஞ்சம் பெரிதாகவே, ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.