குரங்குக் குட்டியும் பச்சை மணியும்

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் பள்ளியில் ஒருநாள் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். படங்கள் அழகாக இருந்ததால் ஒரு குரங்குக் குட்டிக் கதையை வாங்கிவந்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை மடியில் உட்காரவைத்துப் படித்தேன். அம்மா தொடாதே என்று சொன்ன மரப்பொந்துக்குள் குட்டி கையை விடுகிறது. கை மாட்டிக்கொள்கிறது. அழுகிறது. அம்மாக் குரங்கு ஓடிவரும் என்று பக்கத்தைப் புரட்டினால், 'சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விடுகிறது. அதற்குக் கீழே கட்டம் கட்டி நீதி வேறு. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அவ்ளோதாம்மா கதை."

நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் வீட்டிலிருந்தே கல்யாண ரவிக்கைகளுக்கு மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் ஆரி வேலை செய்துகொடுக்கிறேன். மணி டப்பாவைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அடுத்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகியது. சளி என்று நினைத்து மருந்து கொடுத்தேன். நிற்கவில்லை. முத்தம் கொடுக்கப் போனால் நாற்றம் அடித்தது. என் வீட்டுக்காரர்தான் கவனித்தார். "இன்னாம்மா இது, ஒரு பக்கம் மட்டும் ஒழுவுது?" என்றார். அன்றைக்கே மூன்று பேரும் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பி, காது மூக்கு டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள ஏதோ பச்சையா தெரியுதே. பாப்பா, என்ன போட்டுக்கிட்ட?"

மகள் என் பக்கம் திரும்பினாள். என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நீ போய்டுவ."

"நான் எங்கடி போவப் போறேன்?"

"குரங்கு அம்மா போச்சே."

இத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டா வாயைத் திறக்காமல் இருந்தாள்?

"அந்தக் கதை எழுதினவங்களுக்கு ஒண்ணும் தெரியலம்மா. கோயில்ல பாத்திருக்க இல்ல? குட்டிய வயித்துல கட்டிக்கினுதானே சுத்துது? எந்தக் குரங்கு விட்டுட்டுப் போவுது? நீ டப்பாவையே கவுத்தாலும் நான் போவமாட்டேன். திட்டுவேன், அவ்ளோதான்."

"திட்டுவியா?"

"நல்லா திட்டுவேன்."

அது அவளுக்குச் சரி என்று பட்டிருக்க வேண்டும். "மணி. வரமாட்டேங்குது" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன், வீட்டுக்காரர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரே அலறல். டாக்டரம்மா சின்னக் கொக்கியால் இழுத்துப் பஞ்சில் போட்டார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மணி.

"நல்லவேளை, மூச்சுக்குழாய்க்குள்ள போகல. புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்றார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். மகள் அவர் கையைத் தட்டி, "என் மூக்குலர்ந்து மணி வந்துச்சு!" என்றாள். அந்த அம்மா திகைத்து என்னைப் பார்த்தார்.

"நெஜந்தாம்மா" என்றேன்.