பழைய கோச் வரப்போகிறார்

ஜெலுத்தோங்கில் நாங்கள் பந்தாட்டம் பார்க்கும் சாப்பாட்டுக்கடையில், டிவிக்கு நேர் எதிர் நாற்காலி ஒரு லாரி ஓட்டுநருடையது. எங்கள் அணி கடைசியாகக் கோப்பை வென்ற வருடத்து ஜெர்சி, அவர் தொப்பையில் இறுக்கமாக ஏறியிருக்கும். எங்கள் அணி என்றால், நாங்கள் யாரும் நேரில் பார்த்திராத ஓர் இங்கிலாந்து அணி. அது கோல் வாங்கியதும் அவர் நாற்காலியைத் திருப்பி, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார்.

"பழைய கோச் இருந்தா இப்படி நடக்குமா லா?"

ஒருநாள் மாலை, அந்தக் கோச்சே திரும்பி வரக்கூடும் என்று போனில் செய்தி வந்தது. கடையே ஆரவாரித்தது. ரொட்டி போடுபவர் மட்டும், "கடைசி வருஷம் அவரும்தான தோத்தாரு?" என்றார். வழக்கமாக இதற்குச் சண்டைக்குப் போகிற ஓட்டுநர், அன்று தேநீரையே கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, சந்தோஷமில்லையா?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இப்ப தோத்தா, அவரு இல்லாததாலன்னு சொல்லலாம். அவரே வந்தும் தோத்துட்டா, நான் என்னத்த சொல்றது?"

அடுத்த வாரம், வர விருப்பமில்லை என்று கோச் அறிவித்துவிட்டார். கடை துக்கவீடு போலாயிற்று. அன்றைய ஆட்டத்திலும் மூன்று கோல் வாங்கினோம். ஓட்டுநர் மேசையைத் தட்டி, "நிர்வாகம் ஒழுங்கா கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு லா!" என்று கத்திவிட்டு, இன்னொரு ரொட்டி கேட்டார்.

அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.